எக்ஸ்ரே ஃபிலிமில் பதினொரு முகங்கள்

பெட்டியை அவர் மேசைமேல் வைத்தேன். தாழ்ப்பாளை நீக்கி மூடியைத் திறந்தார். உள்ளே படுத்திருந்த கேமராவின் துருத்தியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். காய்ந்த வெற்றிலைபோல அது நொறுங்கி அவர் மடியில் கொட்டியது.

நிமிராமலே கேட்டார்.

"'மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க, அசையாதீங்க'... அது நீங்கதானே சிஸ்டர்?"

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஆர்மோனியம் பழுது பார்க்கும் சின்னக் கடை அது. கோயில் பாடகர் குழுவில் யாரோ சொல்லி, தேடிக் கண்டுபிடித்துப் போயிருந்தேன். கடைக்காரரை அதற்கு முன்னால் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. காதில் பென்சில். சுற்றிலும் வயிறு திறந்து கிடக்கும் ஆர்மோனியங்கள். மூலையில் ஸ்டவ்வின்மேல் பசை கொதிக்கிற வாடை.

"எப்ப வந்தீங்க எங்க சென்டருக்கு?" என்றேன்.

"போன வருஷம் மாசி மாசம். சவுதிக்கு மெடிக்கல். பேரு ஆரோக்கியராஜ்."

பெயரைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. முகம்தான் மறந்திருந்தது. ஆரோக்கியராஜ் என்ற பெயருக்கு எதிரே 'அன்ஃபிட்' என்று போட்ட சீட்டை யாரால் மறக்க முடியும்? அந்தச் சீட்டை என் கையால்தான் கொடுத்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவர் தோல் தூளைத் தட்டிவிட்டு, மரச்சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"நல்ல மரம். வச்சிட்டுப் போங்க. பாக்கறேன்," என்றார்.

நெஞ்சு மட்டும்

டாக்டர் ஞானாபரணத்தின் எக்ஸ்ரே நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். எங்கள் தெருவிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். அப்பாவும் அம்மாவும் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாகக் காலம் தள்ளியவர்கள். நான் எக்ஸ்ரே எடுப்பவள், நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான்.

மேட்டூரில் தண்ணீர் நேரத்துக்குத் திறக்காத வருஷங்கள் அவை. குறுவை போயிற்று. சம்பாவுக்கும் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அதே சமயம் ஊருக்கு ஊர் மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. டீக்கடையில் உரம், யூரியா பேசியவர்கள் பாஸ்போர்ட், ஏஜென்ட், மெடிக்கல் என்று பேசத் தொடங்கினார்கள். அப்படிக் கிளம்பியவர்கள் எல்லோரும் ஒரு நாள் எங்கள் நிலையத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு நாளைக்கு முப்பது நெஞ்சு, நாற்பது நெஞ்சு. சட்டையைக் கழற்று, தாயத்தைக் கழற்று, சிலுவைக் கயிற்றைக் கழற்று. நெஞ்சைப் பலகையோடு ஒட்டி வை. தாடையைத் தூக்கி மேலே வை. மூச்சை இழுத்துப் பிடி. அவ்வளவுதான். அடுத்த ஆள்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் முகம் விழாது. கழுத்தோடு நின்றுவிடும். ஈர ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தால் விலா எலும்பும், நடுவில் சாய்ந்து கிடக்கும் இதயமும், இரண்டு பக்கமும் கறுத்த நுரையீரலும் தெரியும். ஓரத்தில் ஈய எண்ணால் விழுந்த நம்பர். அந்த நம்பர்தான் ஆள். டெல்டாவின் பாதி இளைஞர்களின் உட்புறத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனை ரோட்டில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. இது அப்போது என்னை உறுத்த ஆரம்பித்திருந்தது.

ஆரோக்கியராஜின் படத்தில் வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே, ஒரு வெளுத்த திட்டு இருந்தது.

"பழைய தழும்புதான்," என்றார் டாக்டர். "சின்ன வயசுல எப்பவோ வந்து, தானா ஆறியிருக்கு. ஆளுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா ரூல்ல இடமில்லையே!"

அவரை அனுப்பிய ஏஜென்ட் டார்க் ரூம் கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அடுத்த ஆள ரெண்டு தடவை எடுத்துடுங்க சிஸ்டர். ரெண்டாவது தடவை இவன் நம்பர வச்சுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

முடியாது என்று சொல்லிவிட்டேன். நேர்மை என்று இப்போது எழுதிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் பாதி பயம். வேலை போய்விட்டால், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நானும் வயலில் இறங்க வேண்டும். மீதிப் பாதி கர்வம். என் கையால் எடுக்கிற படம் பொய் சொல்லக் கூடாது என்கிற கர்வம்.

பெஞ்சில் காத்திருந்த ஆரோக்கியராஜ் இந்தப் பேச்சு முழுவதையும் கேட்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பரணில் கிடந்தது

டாக்டருக்கு ஒரே மகன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா இறந்தபிறகு அப்பாவைத் தனியாக விட முடியாது என்று வருஷக் கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு வழியாக அந்தக் கார்த்திகையில் டாக்டர் ஒத்துக்கொண்டார். பொங்கல் கழிந்து பயணம். நிலையத்தை வாங்கியவர்கள் தை மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு.

வீட்டைக் காலி செய்யப் போய் உதவினேன். பரணிலிருந்து அந்த மரப்பெட்டி இறங்கியது.

"எங்கப்பாவுது," என்றார் டாக்டர். "மிஷன் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்தாரு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் குடுத்துட்டுப் போனது. அப்பா இதுல ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் எடுத்தாரு. எங்களை எடுக்க மட்டும் அவருக்கு நேரமே கிடைக்கல. உனக்கு வேணும்னா எடுத்துக்கோ ஜெசிந்தா. இல்லன்னா பழைய சாமான்காரன்கிட்ட போவப் போவுது."

நான் கேமரா என்று அறிந்திருந்தது கழுத்தில் மாட்டும் கறுப்புப் பெட்டி. இது வேறு. முன்னால் பித்தளைக் குழலில் லென்ஸ், பின்னால் படம் பார்க்கும் கண்ணாடி, இரண்டையும் இணைக்கும் மடிப்பு மடிப்பான தோல் துருத்தி. லென்ஸில் பூஞ்சை. கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. துருத்தியைப் பூச்சியும் எலியும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே தகடு செருகும் மரச் சட்டங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு படம் எடுக்கலாம். அளந்து பார்த்தேன். எட்டரை அங்குலம், ஆறரை அங்குலம்.

அந்த அளவைப் பார்த்ததும்தான் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. கை எக்ஸ்ரே எடுக்கும் ஃபிலிம் பத்துக்கு எட்டு. வெட்டினால் இதற்குள் அடங்கும். எக்ஸ்ரே ஃபிலிம் சாதாரண வெளிச்சத்தையும் வாங்கும்; தெரியாமல் கதவைத் திறந்து எத்தனை ஃபிலிமைக் கறுக்க வைத்திருக்கிறேன்! தேதி தாண்டிய ஃபிலிம் டப்பாக்கள் நிலையத்தில் கிடந்தன. சிவப்பு விளக்கு, படம் கழுவும் டெவலப்பர், ஹைப்போ எல்லாம் இருந்தன. டாக்டரிடம் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள் என்றார்.

எங்கள் தெருவிலிருந்து அந்தப் பொங்கலுக்குப் பிறகு பதினொரு பேர் வெளிநாடு போக இருந்தார்கள். என் தம்பி பீட்டரும் அதில் ஒருவன். பதினொரு பேரின் நெஞ்சையும் நான்தான் எடுத்தேன். எல்லாம் சுத்தம். அவர்களின் முகங்களை எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் படத்தில் இருப்பதுபோல மிரண்டுபோன தபால்தலை முகம் வேண்டாம். ஒவ்வொருவனையும் தனித்தனியாகப் பார்க்கும்படி, எல்லோரும் சேர்ந்த ஒரே பெரிய படம் வேண்டும்.

அதற்குத்தான் ஆரோக்கியராஜின் கடைக்குப் போனேன்.

"இத்தனூண்டா?"

ஒரு வாரம் கழித்துப் போனபோது மேசைமேல் அட்டைக் கீற்றுகள் வரிசையாகக் கிடந்தன. பழைய துருத்தியின் மடிப்புகளை எண்ணி, அளந்து, தாளில் வரைந்து வைத்திருந்தார்.

"ஆர்மோனியத் துருத்தி காத்த அடக்கணும். இது வெளிச்சத்த அடக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்," என்றார். உள்ளே கறுப்புத் துணி, வெளியே மெல்லிய ஆட்டுத் தோல், நடுவில் இந்த அட்டைகள். பூச்சி வராமல் இருக்க பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும் என்றார். மடிப்பு திரும்பும் மூலைகளில் அட்டை இருக்கக் கூடாது, இருந்தால் மடங்காது. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. துருத்தியிடமே பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன தரணும் அண்ணே?" என்று கேட்டேன்.

"என் படத்தக் காட்டுங்க."

"எந்தப் படம்?"

"நெஞ்சுப் படம். என்னமோ திட்டுன்னீங்களே, அது எப்படி இருக்குன்னு நான் பாத்ததே இல்ல."

மறுநாள் மத்தியானம் நிலையம் காலியாக இருந்த நேரத்தில் வந்தார். பழைய கட்டிலிருந்து அவருடைய ஃபிலிமைத் தேடி எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். இதுதான் இதயமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"திட்டு எது?"

பென்சில் நுனியால் காட்டினேன். ஒரு கொத்தமல்லி விதை அளவு.

"இத்தனூண்டா?"

"ஆமாண்ணே."

"இத்தனூண்டுக்கா?" என்றார் மறுபடியும். அவர் குரலில் கோபம் இல்லை. நம்ப முடியாமல் கேட்கிற குரல். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

விளக்கை அணைத்தேன். அவர் போகவில்லை.

"வேற ஏஜென்ட் ஒருத்தரு இருக்காரு. துபாய்க்கு. இங்கயேதான் மெடிக்கல்னு சொல்றாரு. கார்பென்டர் வேலை. சிஸ்டர்... இந்தத் தடவை மாத்தி வச்சுடுங்க. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொன்னாருல்ல?"

அவர் சொன்னது பொய்யில்லை. அவரால் யாருக்கும் நோய் ஒட்டப் போவதில்லை. அந்த நாட்டில் இறங்கியதும் திரும்பவும் படம் எடுப்பார்கள், பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

"அனுப்புனா அனுப்பட்டும். அது என் பாடு."

"என்னால முடியாது அண்ணே."

"உங்க தம்பியா இருந்தா?"

ஃபிலிமைக் கழற்றிப் பழைய கட்டுக்குள் திரும்பச் செருகினேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

திருக்காட்டுப்பள்ளி பஸ்

அடுத்த வாரம் கடை பூட்டியிருந்தது. அதற்கடுத்த வாரமும். மார்கழி பிறந்துவிட்டது. பக்கத்துச் சைக்கிள் கடையில் விசாரித்தால், ஆள் எங்கே என்று தெரியாது, வீடு திருக்காட்டுப்பள்ளியில் என்றார்கள்.

கேமரா போனால் போகட்டும், அவர் என்ன ஆனார் என்று தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பஸ் ஏறினேன். அது முழு உண்மை இல்லை. கேமராவும் வேண்டியிருந்தது.

ஓட்டு வீடு. வாசலில் ஈர நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆரோக்கியராஜின் மனைவி ஸ்டெல்லா வெளியே வந்தார். நான் யாரென்று சொல்வதற்கு முன்னாலேயே, "எக்ஸ்ரே சிஸ்டருங்களா? உள்ள வாங்க," என்றார்.

"அவரு மெட்ராஸ் போயிருக்காரு. அங்க வேற எடத்துல மெடிக்கல் பாக்கறாங்களாம். முன்ன கேட்டது நடக்கலன்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

அலமாரிமேல் கேமரா, ஒரு பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தது. பிரித்துக் காட்டினார். புதுத் துருத்தி கறுகறுவென்று, முழுசாக மாட்டி முடித்திருந்தது. கோபித்துக்கொண்டு போனவர், போவதற்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

காபி கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது சிஸ்டர். எங்கக்கா வீட்டுக்காரரு வெளிநாடு போயி ஒம்பது வருஷம் ஆவுது. புள்ளைக்கு அப்பா மொகம் தெரியாது. இவருக்கு அன்ஃபிட்டுன்னு வந்தன்னிக்கு எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். ஆனா உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. இத நான் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொன்னதில்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க," என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன்.

தகட்டின் கணக்கு

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் ஆரோக்கியராஜ் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். மெட்ராஸிலும் அன்ஃபிட். அதை ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டு, "வாங்க, வெளிச்சம் ஒழுகுதான்னு பாப்பம்," என்றார்.

டார்க் ரூமில் துருத்திக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, வெளியே எல்லா விளக்கையும் அணைத்தோம். கண் பழகியதும் துருத்தியின் ஒரு மூலையில் ஒரே ஒரு புள்ளி மின்னியது. இருட்டிலேயே பசையைத் தொட்டு அதை அடைத்தார். வேறெங்கும் ஒழுகவில்லை.

உடைந்த கண்ணாடிக்குப் பதில் நான் புதிதாக ஒன்றைத் தேய்த்து வைத்திருந்தேன். லாரி ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டை வாங்கி, ஒரு கண்ணாடிமேல் இன்னொன்றை வைத்து இரண்டு நாள் வட்டமாகத் தேய்த்தால் பால்போல மங்கலாகிவிடும். லென்ஸைக் கழற்றித் துடைத்ததில் பூஞ்சை பெரும்பாலும் போயிற்று. ஸ்டெல்லா பழைய குடைத்துணிகளைச் சேர்த்துத் தைத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புப் போர்வை அனுப்பியிருந்தார்.

முதல் படத்துக்கு டாக்டரையே நாற்காலியில் உட்கார வைத்தோம். கண்ணாடியில் அவர் தலைகீழாக, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு வரை கூர்மையாகத் தெரிந்தார். படத்தைக் கழுவிப் பார்த்தால் முழுக்க மசமச. இன்னொன்று எடுத்தோம். அதுவும் அப்படியே. மூன்றாவதும். டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. லென்ஸ்தான் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

ஆரோக்கியராஜ் ஃபிலிமைப் பார்க்கவில்லை. அது செருகும் சட்டத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலத்துல இதுல என்ன வைப்பாங்க?"

"கண்ணாடித் தகடு."

"அது எத்தனை கனம் இருக்கும்! நீங்க தாள் மாதிரி ஒண்ண வைக்கறீங்க. அது பின்னால போயி உக்காந்துக்குது. படம் விழுற எடம் முன்னாலல்ல இருக்கு?"

ஒரு கண்ணாடித் துண்டை அளவாக வெட்டி, சட்டத்தில் ஃபிலிமுக்குப் பின்னால் வைத்தார். ஃபிலிம் முன்னால் வந்து நின்றது. நான்காவது படத்தில் டாக்டரின் புருவ முடியை எண்ணலாம்போல இருந்தது.

டாக்டர் அந்த ஈர ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கப்பா மாதிரியே இருக்கேனே," என்று மட்டும் சொன்னார்.

மாட்டுப் பொங்கல்

எங்கள் தெரு சவேரியார் கோயிலின் கிழக்குப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் நிழல் விழும். அங்கே பள்ளிக்கூடத்து பெஞ்சைக் கொண்டுவந்து போட்டோம். ஐந்து பேர் உட்கார, ஆறு பேர் பின்னால் நிற்க. ஆரோக்கியராஜ் தானே செய்த மூன்று கால் மரத் தாங்கியில் கேமராவை ஏற்றினார். ஸ்டெல்லாவும் வந்திருந்தார். தெருவே வேடிக்கை பார்க்க நின்றது.

சட்டங்கள் இரண்டில் நாலே ஃபிலிம். தவறவிட்டால் திரும்ப எடுக்க ஆள் இருக்க மாட்டார்கள். முதல் நால்வர் இரண்டாம் நாளே கிளம்புகிறார்கள்.

போர்வைக்குள் தலையை விட்டேன். தெரு தலைகீழாக நின்றது. பதினொரு பேரும் மேலிருந்து தொங்கினார்கள். ஒவ்வொரு முகமாகக் கண்ணாடியில் தேடினேன். அந்த நெஞ்சுகள் எல்லாம் எனக்குத் தெரியும். இன்னாருக்கு இதயம் சற்றுப் பெரிது, இன்னாருக்கு ஒரு விலா சின்ன வயதில் உடைந்து கூடியது. முகங்களை இப்போதுதான் பார்த்தேன். என் தம்பிக்குக் கண்ணுக்குக் கீழே எப்போது இவ்வளவு கறுத்தது?

"அக்கா, செத்த சீக்கிரம். மூஞ்சி இழுத்துக்குது," என்றான் அவன்.

லென்ஸ் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூடினேன். மூன்று படங்கள். கூட்டத்தில் யாரும் தும்மக்கூட இல்லை.

நான்காவது ஃபிலிம் மிச்சம் இருந்தது.

"அண்ணே, நீங்க உக்காருங்க," என்றேன் ஆரோக்கியராஜிடம்.

"நான் எங்க போறேன்? போறவங்களுக்குத்தானே படம்."

ஸ்டெல்லா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "இருக்கறவங்களுக்கும் எடுக்கலாம்," என்றார்.

ஆரோக்கியராஜ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் மூடியைக் கழற்றினேன்.

மறுநாள் காலை டார்க் ரூமில் கழுவினேன். முதல் படத்தில் இருவர் அசைந்திருந்தார்கள். இரண்டாவது சரியில்லை. மூன்றாவதில் பதினொரு முகமும் இருந்தன. ஃபிலிமைத் தாளோடு ஒட்டி வைத்து வெளிச்சம் காட்டி அச்சுப் போட்டேன். எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் எல்லோரும் இருப்பதைவிட இரண்டு மடங்கு கறுத்திருந்தார்கள்.

"என்னக்கா இப்படிக் கறுப்பா அடிச்சிட்டீங்க?" என்று பையன்கள் சடைத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், பீட்டரின் முகவாயில் விரலை வைத்து, "இந்தப் பருகூடத் தெரியுதே," என்றாள். அதன்பிறகு அந்தப் படத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அச்சுப் போட வேண்டியதாயிற்று.

நான்காவது படத்தில் ஸ்டெல்லா சிலைபோல் துல்லியமாக இருந்தார். ஆரோக்கியராஜ் அசைந்துவிட்டார். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. முகம் மட்டும் கலைந்து போயிருந்தது.

கேட்காமல் விட்டது

டாக்டர் போனார். நிலையத்தில் புது மெஷின்கள் வந்தன. ஃபிலிமைக் கையால் கழுவுவது நின்றது. டாக்டர் எனக்குத் தந்த தொட்டிகளையும் சிவப்பு விளக்கையும் கேமராவோடு சேர்த்து ஆரோக்கியராஜிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கல்யாணமாகித் திருச்சிக்குப் போகிற சமயம் அது.

அவர் ஆர்மோனிய வேலையோடு இதையும் செய்தார். யார் வீட்டிலாவது ஆள் கிளம்புகிறது என்றால் சொல்லி அனுப்புவார்கள். சைக்கிளிலும், பிறகு மொபெட்டிலும் போய், கிளம்புகிறவரை வீட்டாரோடு உட்கார வைத்து எடுத்துக் கொடுத்தார். கலர் ஸ்டுடியோக்கள் வந்த பிறகும், பெரிய குடும்பம் என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

படம் மாற்றி வைத்துப் போன இருவரைப் பின்னால் நான் அறிவேன். ஒருவர் இருபது நாளில் திரும்பி வந்தார். இன்னொருவர் பதினோரு வருஷம் இருந்து, தங்கை மூவரைக் கட்டிக்கொடுத்து, மாடி வீடும் கட்டினார். ஆரோக்கியராஜ் இந்த இருவரில் யாராக ஆகியிருப்பார் என்று நான் யோசிக்காத வருஷம் இல்லை.

சமீபத்தில் திருக்காட்டுப்பள்ளிக்கு ஒரு சாவுக்குப் போனேன். திரும்பும்போது அவர் வீட்டுக்குப் போனேன். தலை முழுக்க வெளுத்துவிட்டது. மகள் தஞ்சாவூரில் டீச்சர். ஸ்டெல்லா அடுக்களையில் இருந்தார். அன்று என்னிடம் சொன்னதை அவர் கணவரிடம் சொல்லிவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் நம்பர மாத்தி வச்சிருந்தா நல்லாருந்திருக்குமா?"

அவர் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"போயிருக்கணும்னுதான் இப்பவும் தோணுது சிஸ்டர். பொய் சொல்ல மாட்டேன். எங்கப்பா கடைசில ஆஸ்பத்திரில கெடந்தப்ப ரொம்பத் தோணுச்சு. போயிருந்தா என்ன ஆயிருப்பேன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"என் மேல கோவம் இருக்கா?"

"நீங்க மாட்டேன்னதுக்கு இல்ல. உங்க வேலை அது. பக்கத்துல நின்னு துருத்தி ஒட்டுனோம், படம் எடுத்தோம், கேமராவையே தூக்கிக் குடுத்தீங்க. இந்த ஒரு வார்த்தையக் கேக்க உங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சே! அதுதான் கோவம்."

கேமராவைக் கொடுத்ததே அந்த வார்த்தைக்குப் பதிலாகத்தான் என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "மன்னிச்சுக்குங்கண்ணே," என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டதாகவும் இருக்கலாம், போதும் விடுங்கள் என்பதாகவும் இருக்கலாம்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பறேன்," என்று எழுந்தேன்.

"உக்காருங்க சிஸ்டர். சோறு தின்னாம இந்த வீட்ட விட்டு யாரும் போறதில்ல," என்றார் அவர். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

உட்கார்ந்தேன். அவரே எழுந்து போய் எனக்கு இலை கொண்டுவந்து போட்டார்.